சொகுசு எஸ்யூவி: நாலு ஷோரூம் கொட்டேஷனை ஒரே கணக்கில் கொண்டுவருவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு பி.எம்.டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60 மாதிரி வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பக்கத்து ஷோரூம் திருவனந்தபுரத்தில். காரில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் வேறு மாநிலம். சொந்த மாநிலத்தில் வேண்டுமென்றால், பிராண்டைப் பொறுத்து மதுரை, கோவை, சென்னை என்று போக வேண்டும். நாலு இடத்தில் கேட்டால் நாலு வடிவத்தில் விலை வரும். ஒருவர் "ஆறு லட்சம் தள்ளுபடி" என்பார், இன்னொருவர் "நாலு லட்சம்தான் முடியும்" என்பார். நாலு லட்சம் சொன்னவரிடம் வாங்குவதே லாபமாக முடிவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இந்தப் பதிவு.

எந்த மாடல் என்று முடிவு செய்தாயிற்று, ஓட்டியும் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: எழுத்தில் கேளுங்கள்

போனில் சொன்ன விலை விலையே இல்லை. வேரியன்ட், நிறம், ஆப்ஷன் பேக் மூன்றையும் முடிவு செய்துகொண்டு எல்லா ஷோரூமுக்கும் ஒரே செய்தியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பைவிட மின்னஞ்சல்தான் என் தேர்வு. புரோஃபார்மா இன்வாய்ஸ் (வாங்கும் முன் தரும் விலைப்பட்டியல்) ஷோரூம் முத்திரையோடு வரும், பிறகு தேடி எடுப்பதும் எளிது. செய்தி இப்படி இருக்கட்டும்:

"பதிவு டி.என்.74. எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், டி.சி.எஸ்., மற்ற கட்டணங்கள் ஒவ்வொன்றும் தனி வரியில் வேண்டும். தள்ளுபடியில் எவ்வளவு பில்லில் கழியும், எவ்வளவு பொருளாகவோ சேவையாகவோ வரும் என்று பிரித்து எழுதுங்கள். ஒதுக்கப்போகும் வண்டியின் தயாரிப்பு மாதம், ஆண்டு தேவை."

மார்த்தாண்டம் பக்கம் என்றால் டி.என்.75 என்று மாற்றிக்கொள்ளுங்கள். தயாரிப்பு மாதத்தை விடாமல் கேளுங்கள். ஜனவரியில் கிடைக்கும் பெரிய தள்ளுபடி பல சமயம் போன வருட வண்டிக்கானது. தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் ஏறிவிடும், விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். பழைய ஸ்டாக் வாங்குவது தப்பில்லை, அதற்குரிய விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: விலை பேசவே முடியாத பிராண்டா என்று பாருங்கள்

மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபர் முதல் இந்தியாவில் நேரடி விற்பனை முறைக்கு மாறிவிட்டது. வண்டி நிறுவனத்தின் கையிருப்பு, பில்லும் நிறுவனத்துடையது, நாடு முழுக்க ஒரே விலை. அங்கே எக்ஸ்-ஷோரூம் விலைக்காக மூன்று ஷோரூம் ஏறி இறங்குவது வீண் வேலை. பழைய வண்டிக்கு என்ன தருகிறார்கள், இன்சூரன்ஸ், கடன் ஆகியவற்றில்தான் வித்தியாசம் கிடைக்கும். மற்ற பிராண்டுகளில் டீலருக்கென்று லாப விளிம்பு உண்டு. கீழே சொல்வது முக்கியமாக அவற்றுக்கு.

படி 3: ஆன்-ரோடு விலையை உடையுங்கள்

எக்ஸ்-ஷோரூம் விலையோடு சாலை வரி, இன்சூரன்ஸ், மற்ற கட்டணங்கள் சேர்ந்த மொத்தம்தான் ஆன்-ரோடு. அதைப் பிரிக்க ஒரு கூகுள் ஷீட் போதும். கார் விலை ஒப்பிடும் ஆப்களை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அவை காட்டும் ஆன்-ரோடு விலையில் வரியும் இன்சூரன்ஸும் தோராயம்தான்.

ஜி.எஸ்.டி. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு 40%, செஸ் கிடையாது. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50% இருந்தது. யாராவது பழைய பில்லைக் காட்டி "அவருக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு குறைவு" என்றால், அது வரி குறைந்ததா டீலர் குறைத்ததா என்று தேதியைப் பார்த்தாலே தெரியும். மின்சார வண்டிக்கு 5%தான்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுட்கால சாலை வரி 20%. இது 2023 நவம்பரில் வந்த விகிதம். 80 லட்சத்துக்கு 16 லட்சம். திருவனந்தபுரம் ஷோரூம் வழக்கம்போல கேரள வரியைப் போட்டு ஆன்-ரோடு சொல்லும். அந்த வரியை அடித்துவிட்டுத் தமிழ்நாட்டு வரியைப் போடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு ஆன்-ரோடு விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. வரியை எந்தத் தொகைக்குப் போட்டிருக்கிறார்கள், தள்ளுபடிக்கு முன்பா பின்பா என்றும் எல்லாரிடமும் கேளுங்கள்.

டி.சி.எஸ். (விற்பவரே உங்களிடம் பிடித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) 1%. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு முழு விலைக்கும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம், கையில் பணம் தயாராக இருந்தால் போதும்.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், "எசென்ஷியல் கிட்" என்று ஏதாவது வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். செராமிக் கோட்டிங், பெயின்ட் பாதுகாப்புப் படம் வேண்டுமானால் வெளியே விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 4: தள்ளுபடியை உடையுங்கள்

கணக்குக்காக 80 லட்சம் எக்ஸ்-ஷோரூம் என்று வைப்போம்.

முதல் ஷோரூமின் "ஆறு லட்சம்" இப்படிப் பிரிகிறது: பில்லில் கழிவு 2 லட்சம், எக்சேஞ்ச் போனஸ் 1.5 லட்சம், இன்சூரன்ஸில் 1 லட்சம், ஆக்சஸரீஸ் 75,000, நீட்டித்த வாரன்டி 75,000. இரண்டாவது ஷோரூம் பில்லிலேயே நேராக 4 லட்சம் கழிக்கிறது, வேறு எதுவும் இல்லை.

இப்போது ஒவ்வொன்றாக எடை போடுங்கள். உங்கள் பழைய வண்டிக்கு முதல் ஷோரூம் 9.5 லட்சம் மதிப்புப் போட்டு 1.5 லட்சம் போனஸ் சேர்த்து 11 லட்சம் தருகிறது. வெளியே விற்றாலும் 11 லட்சம் கிடைக்கிறதென்றால் அந்த போனஸின் மதிப்பு பூஜ்யம். இன்சூரன்ஸ் அவர்களிடம் 3.10 லட்சம், 1 லட்சம் கழித்து 2.10. அதே பாலிசி வெளியே 2.10 என்றால் அதுவும் பூஜ்யம். ஆக்சஸரீஸ் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கப் போவதில்லை என்றால் பூஜ்யம். மிஞ்சியது 2 லட்சமும் வாரன்டியும்.

முதல் ஷோரூம்: 78 + 2.10 = 80.10 லட்சம். இரண்டாவது: 76 + 2.10 = 78.10 லட்சம். வாரன்டியை எப்படியும் வாங்குவீர்கள் என்றால் 75,000 ஐ முதல் ஷோரூமுக்குச் சாதகமாக எழுதுங்கள். அப்போதும் இரண்டாவது ஷோரூம் 1.25 லட்சம் மலிவு.

பழைய வண்டிக்கு வெளி விலை கேட்பதை முதல் ஷோரூமுக்குள் நுழையும் முன்பே முடித்துவிடுங்கள். புது வண்டி விலை முடிவாகும்வரை எக்சேஞ்ச் பேச்சையே எடுக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பேசினால் இங்கே கூட்டி அங்கே கழிப்பார்கள், எது எங்கே போனது என்று பிடிக்க முடியாது.

படி 5: இன்சூரன்ஸ்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் (பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே சர்வீஸ் சென்டருக்கு நேராகக் கட்டுவது) கிடைக்காது" என்றால், அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இரண்டு பாலிசியை ஒப்பிட நாலு விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலில் ஐ.டி.வி., அதாவது வண்டி முழுச் சேதமானாலோ திருடு போனாலோ கிடைக்கும் உச்சத் தொகை. புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95%, அதாவது 80 லட்சத்துக்கு 76 லட்சம். பிரீமியம் மலிவாகத் தெரிய இதை 70 லட்சமாகக் குறைத்துக் காட்டுவார்கள். வண்டி முழுச் சேதமானால் அந்த 6 லட்சம் உங்கள் தலையில்தான்.

அடுத்தது பதிவு இடம். சென்னையில் பதிவாகும் வண்டி ஏ மண்டலம், நாகர்கோவிலில் பதிவாவது பி மண்டலம். பி-க்கு சொந்தச் சேதப் பிரீமியம் (உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி) குறைவு. சென்னை ஷோரூம் பழக்கத்தில் ஏ மண்டலம் போட்டுவிடும், திருத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கூடுதல் காப்புகள். பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது), இன்ஜின் பாதுகாப்பு, கன்ஸ்யூமபிள்ஸ் (ஆயில், நட்டு போன்றவை), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (முழுச் சேதமானால் பில் விலையைத் தருவது), சாவி, டயர் என்று எழுதிவைத்து எல்லாரிடமும் ஒரே பட்டியலுக்கு விலை கேளுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. இன்ஜின் பாதுகாப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்டி இன்ஜினுக்குள் நீர் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது.

கடைசியாக, நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.). பழைய வண்டியில் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 20 முதல் 50% வரையான கழிவு வண்டியோடு போவதில்லை, உங்களோடு வரும். பழைய வண்டியை விற்றதற்கான சான்றாக படிவம் 29 நகலையோ மாற்றிய ஆர்.சி.யையோ காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்தால் என்.சி.பி. சான்றிதழ் தருவார்கள், 3 ஆண்டு செல்லும். சொந்தச் சேதப் பிரீமியம் 1,60,000 என்றால் 50%-க்கு 80,000, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 94,400 ரூபாய் மிச்சம். ஷோரூம் கொட்டேஷனில் இது தானாக வராது, கேட்டால்தான் வரும். எக்சேஞ்சில் கொடுத்தாலும் இந்தக் காகிதங்களை வாங்காமல் பழைய வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் நபர் காப்பு புதுக் காருக்கு 3 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் கட்டணம் எந்த நிறுவனத்திலும் ஒன்றுதான், அதில் பேரம் இல்லை.

படி 6: குறைந்த வட்டியா, ரொக்கத் தள்ளுபடியா?

நிறுவனத்தின் சொந்த ஃபைனான்ஸ் 7.5% தருகிறது, ஆனால் ரொக்கத் தள்ளுபடி கிடையாது. வங்கி 9%, தள்ளுபடி 3 லட்சம். எது மேல்? 60 லட்சம், 5 ஆண்டு என்றால் மாதத் தவணை 9%-க்கு சுமார் 1,24,550, 7.5%-க்கு சுமார் 1,20,230. வித்தியாசம் 60 மாதத்துக்கு ஏறத்தாழ 2.6 லட்சம். வங்கிக் கடனே மேல், அதுவும் 3 லட்சம் முதல் நாளே கையில். தவணை ரொம்பக் குறைவாகத் தெரிகிற திட்டங்களில் கடைசியில் ஒரு பெரிய தொகை நிற்கும். அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 7: திருவனந்தபுரமா, மதுரையா?

வாரன்டி நிறுவனத்துடையது. மதுரையில் வாங்கி திருவனந்தபுரத்தில் சர்வீஸ் விடலாம், ஒரு தடையும் இல்லை. அதனால் சர்வீஸ் பக்கம் என்பதற்காக வாங்கும் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

கேரளத்தில் வாங்கினால் தற்காலிகப் பதிவோடு களியக்காவிளை தாண்டி வந்து, சாலை வரியை இங்கே கட்டி, இங்கேயே நிரந்தரப் பதிவு செய்ய வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21, நிறுவனம் தரும் படிவம் 22, இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவற்றோடு பதிவு விண்ணப்பமான படிவம் 20 ஐக் கொடுங்கள். பெயரும் முகவரியும் எல்லாக் காகிதத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இன்ஷியல் இடம் மாறினாலே திருப்பி அனுப்புவார்கள். தற்காலிகப் பதிவுக் கட்டணம், ஏஜென்ட் செலவு இரண்டையும் ஷீட்டில் கேரள ஷோரூமின் பத்தியில் சேருங்கள். அதற்குப் பிறகும் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சமானால் அங்கே வாங்கலாம். இல்லையென்றால் தமிழ்நாட்டு டீலரே நிம்மதி.

உறவினர் முகவரியில் கேரளத்திலோ புதுச்சேரியிலோ பதிவு செய்யலாம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும், இந்த மாநில வரியும் கட்ட வேண்டும். குடியிருக்காத முகவரியைக் காட்டுவது வழக்கில் கொண்டுபோய் விடும்.

படி 8: முடிக்கும் பேரம்

மாதக் கடைசி வாரமும், அதைவிட காலாண்டுக் கடைசியும் நல்ல நேரம். இரண்டாவது இடத்தில் இருக்கும் ஷோரூமுக்கு முதலிடத்தின் நிகரத் தொகையைச் சொல்லி, "இதற்குக் கீழே பில்லில் கழிக்க முடியுமா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். ஆக்சஸரீஸ் வேண்டாம், பணமாகக் கழியுங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

புக்கிங் படிவத்தில் இரண்டு வாசகம் பாருங்கள். அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா? விலை புக்கிங் நாளுடையதா, பில் நாளுடையதா? பெரும்பாலும் பில் நாள் விலைதான் என்று அச்சடித்திருப்பார்கள். ஜனவரியில் நிறுவனங்கள் விலை ஏற்றுவது வழக்கம், எனவே டிசம்பரில் புக் செய்பவர்கள் டெலிவரி தேதியை எழுதி வாங்குங்கள். சேஸிஸ் எண் ஒதுக்கியதும், முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்குப் போகும் முன், வண்டியை நேரில் பாருங்கள். டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பெயின்ட்டைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஷோரூம் விளக்கில் கீறல் தெரியாது.

பின்சேர்க்கை: அப்பா பெயரில் வாங்குபவர்களுக்கு

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் அப்பா, அம்மா பெயரில் வண்டி எடுப்பவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். டி.சி.எஸ். யாருடைய பான் எண்ணில் பில் போடுகிறார்களோ அவர் கணக்கில்தான் ஏறும். அப்பாவுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லையென்றாலும் அந்த ஆண்டு அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் 76,000 போன்ற தொகை திரும்ப வரும். என்.சி.பி.யும் அதே மாதிரி பெயரைப் பொறுத்தது. பழைய வண்டி உங்கள் பெயரில், புது வண்டி அப்பா பெயரில் என்றால் அந்தக் கழிவு கிடைக்காது. யார் பெயரில் வாங்குவது என்பதைக் கொட்டேஷன் கேட்கும் முன்பே முடிவு செய்துகொண்டு, அந்தப் பெயரிலேயே எல்லா ஷோரூமிலும் கேளுங்கள்.

தொழில் பெயரில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வாங்கலாம், தேய்மானம் கணக்கில் காட்டலாம். ஆனால் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. வாடகைக்கு ஓட்டுவது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்ற சில தொழில்களுக்கு மட்டும்தான் அது உண்டு. "கம்பெனி பெயரில் எடுத்தால் 40% திரும்ப வந்துவிடும்" என்று சேல்ஸ்காரர் சொன்னால் உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.