டிரெய்லரில் கரண்ட் கோளாறு: பேட்டரியை மாற்றும் முன்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் ராத்தங்க, ஆடியில் குற்றாலச் சாரலில் நனைய, உவரிக் கடற்கரையில் இரண்டு நாள் கிடக்க என்று ஜீப்புக்குப் பின்னால் சின்ன டிரெய்லரைக் கோத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. உள்ளே ஒரு 12 வோல்ட் பேட்டரி, நாலு எல்.இ.டி. விளக்கு, ஒரு ஃபேன், தண்ணீர் பம்பு, கூரையில் சோலார் பேனல். இவ்வளவுதான் சாமான். ஆனால் விளக்கு லேசாக மங்கினால் போதும், "பேட்டரி போயிட்டு அண்ணாச்சி, மாத்திருங்க" என்று சொல்ல ஆள் வந்துவிடும். புது பேட்டரி மாட்டிக் கொஞ்ச நாளில் மறுபடி அதே மங்கல். இம்மாதிரி வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு ஜாயிண்டில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இதைக் கண்டுபிடிக்க விடாமல் செய்வது, எதையும் ஓடவிடாமல் வோல்ட்டை அளக்கும் பழக்கம். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட, கரண்ட் ஓடாதபோது முழு 12.6 வோல்ட்டைக் காட்டும். பம்பைப் போட்டதும்தான் அதன் லட்சணம் தெரியும். ஆகவே பம்பு ஓடும்போதே அளக்க வேண்டும்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில், அந்த ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும். மேலே மாட்டிய கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி தப்பித்துக்கொள்ளும். சிவப்பு முனை பம்பின் நெகட்டிவ் ஒயரில். தூரம் எட்டாவிட்டால் ஒரு துண்டு ஒயரை முறுக்கி நீட்டிக்கொள்ளலாம். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. ஒன்று, ஒன்றரை என்று வந்தால் வழியில் எங்கோ தடை. அப்புறம் சிவப்பு முனையை ஒவ்வொரு ஜாயிண்டாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எதைத் தாண்டியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ, அதுதான் ஆள். பாசிட்டிவ் பக்கமும் இதே வேலை.

பெரும்பாலும் ஆள் அகப்படுவது எர்த்தில்தான், அதாவது கரண்ட் வண்டியின் இரும்புக்கூடு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பில். சேசிஸில் பெயின்டைச் சுரண்டாமல் அப்படியே லக்கை (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். உவரி உப்புக்காற்றில் இரண்டு சீசன் நின்ற வண்டி என்றால் ஒயரின் மேல்தோலைச் சீவிப் பாருங்கள், செம்பு உள்ளே வெகுதூரம் கறுத்துப் பச்சை பூத்திருக்கும். நுனியை மட்டும் வெட்டி மறுபடி முறுக்கி டேப் சுற்றினால் தீராது. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, லக் போட்டு அழுத்தி, கிரீஸ் பூச வேண்டும். இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறதா? பல்பை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். எர்த் கிடைக்காத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்பிப் போகிறது. இழுவைக் கொக்கியின் இரும்பே எர்த் கொடுத்துவிடும் என்று நம்பி விட்டுவிடுவதும் தவறு. அதில் கிரீஸ் தடவியிருக்கிறோமே! ஜீப்பிலிருந்து டிரெய்லருக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் வர வேண்டும்.

ஃப்யூஸ் விஷயம் தெரிந்ததுதான், ஆனாலும் போன ஃப்யூஸுக்குப் பதிலாகச் சொருகிய சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளை இன்னும் பார்க்கிறோம். ஃப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. நீலநிற 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பச்சைநிற 30ஐச் சொருகினால், அடுத்து உருகுவது பலகைக்குப் பின்னால் போகும் ஒயர்.

டிரெய்லரில் மிக்ஸி ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: 750 வாட் மிக்ஸி, இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 70 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட ஒயரில் அதைக் கொடுத்தால் இன்வெர்ட்டர் 'பீப்' என்று கத்தி நின்றுவிடும். பழி மறுபடி பேட்டரி மேல். துவையலை அம்மியில் அரைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

உண்மையிலேயே பேட்டரியைச் சந்தேகித்தால், சார்ஜ் ஏற்றிய கையோடு அளக்காதீர்கள். சில மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். ஈய பேட்டரியில் 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 ஏறக்குறைய பாதி. லித்தியம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. தாமிரபரணிக் கரையில் மருத மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு சோலார் ஏறவில்லை என்று புலம்புவதும் வேண்டாம். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரத்து பாதிக்கும் கீழே போய்விடலாம்.

ஆபத்து இருப்பது 230 வோல்ட் பக்கம். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போட்ட தற்காலிக லைனில் கேட்டுக் கரண்ட் வாங்குகிறோம். டெஸ்டரை வைத்து, எரிகிறது, சரி என்று பிளக்கைச் சொருகுகிறோம். பேஸ் இருக்கிறது என்பதற்கு மேல் டெஸ்டர் எதுவும் சொல்லாது. மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றிருந்தால் நமக்கு வரும் வோல்ட் 300ஐத் தாண்டி, 400ஐக்கூட நெருங்கலாம். சார்ஜரும் ஃபேனும் அன்றோடு சரி. பிளக்கைச் சொருகும் முன் மீட்டரில் பார்த்து, 260க்கு மேல் போனால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். லைன் போட்டவரிடம் சொல்லிவிட்டும் வாருங்கள், மைக்செட்காரர் பிழைப்பார்.

மூன்று பின் பிளக் அங்கே பொருந்தவில்லை என்று எர்த் பின்னை உடைத்துச் சொருகுவதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம். டிரெய்லர் இரும்புக்கூடு, நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது பேஸ் ஒயர் உரசினால், சாரலில் நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கிறவர் வழியாகத்தான் கரண்ட் இறங்கும். எர்த் இருந்தாலும், கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை, வண்டியில் கரண்ட் கொடுத்தவுடன், பிள்ளைகள் இறங்கி ஓடும் முன் ஒருதரம் அழுத்துங்கள். சுவிட்ச் கீழே விழுந்து கரண்ட் நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அன்றைக்கு ராத்திரி 12 வோல்ட் விளக்கிலேயே ஓட்டுங்கள்.