கெட்டென்ட்ஸ்64: ஃபோல்டரைக் கர்னலிடமே கேட்டுப் படிப்பது

வேலந்தாவளத்தில் ஒரு எடைமேடையின் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை என்று எந்தப் பக்கத்து லாரி வந்தாலும் ரசீதும் போட்டோவும் ஒரே ஃபோல்டரில் விழும். கோப்புகள் லட்சத்தைத் தாண்டினால், கோப்புகளைப் பட்டியலிடும் லினக்ஸ் கட்டளையான எல்எஸ் (ls) அடித்துவிட்டு டீ குடித்து வரலாம். எல்லாப் பெயரையும் வாங்கி வரிசைப்படுத்திய பிறகுதான் அது முதல் வரியையே காட்டும். பட்டியல் மட்டும் போதுமென்றால் வரிசைப்படுத்தாத எல்எஸ் மைனஸ் சின்ன எஃப் (ls -f) போதும். சொந்த நிரல் என்றால், ஃபோல்டரைப் படிக்கும் சி ஃபங்ஷனான ரீட்டிர் (readdir). அதற்கும் அடியில் லினக்ஸில் நடப்பது கெட்டென்ட்ஸ்64 (getdents64) என்ற சிஸ்கால்தான், அதாவது லினக்ஸின் மையமான கர்னலிடம் நிரல் நேரடியாகக் கேட்கும் அழைப்பு. நிரலின் சிஸ்கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் (strace) போட்டுப் பாருங்கள், தெரியும்.

நேரடியாக அழைக்க, ஃபோல்டரை ஓ_டைரக்டரி (O_DIRECTORY) கொடியோடு ஓப்பன் செய்யுங்கள். ஓப்பன் திருப்பித் தரும் எண், பதில் வந்து விழ ஒரு பஃபர் (நினைவக இடம்), அதன் அளவு, இந்த மூன்றையும் கொடுங்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி (glibc) 2.30 முதல் இதற்குத் தனி ஃபங்ஷன் உண்டு. பழையது என்றால் சிஸ்கால் எண்: 64 பிட் இன்டெலில் 217, ஆர்ம்64-ல் 61. திரும்பி வருவது பைட் கணக்கு, கோப்புக் கணக்கு அல்ல. 0 வந்தால் முடிந்தது. மைனஸ் 1 வந்து பிழை இன்வால் (EINVAL) என்றால் அநேகமாகப் பஃபர் போதவில்லை.

பஃபருக்குள் பதிவுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒவ்வொன்றிலும் முதல் 8 பைட் ஐநோடு எண் (கோப்பின் அடையாள எண்), அடுத்த 8 ஆஃப்செட் (ஃபைல்சிஸ்டத்தின் இடக்குறி), பிறகு 2 பைட்டில் பதிவின் நீளம், 1 பைட்டில் வகை. இந்த 19 பைட்டுக்குப் பிறகு பெயர் தொடங்கி, மதிப்பு 0 ஆன சுழி பைட்டில் முடியும்.

பலரும் வழுக்குவது அடுத்த பதிவுக்குத் தாவும்போது. பெயரின் நீளத்தைக் கூட்டித் தாவாதீர்கள். ‘நெல்’ என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் யூடிஎஃப்-8இல் 12 பைட், சுழியோடு 13. 19-ஐக் கூட்டினால் சரியாக 32. அட, கணக்கு ஒத்துவருகிறதே என்று தோன்றும். ‘தேங்காய்’ வந்தால் 24, சுழியோடு 25, மொத்தம் 44. ஆனால் கர்னல் 8-இன் மடங்காக்கி 48 எழுதியிருக்கும். நான்கு பைட் தள்ளி நின்று படித்தால் ஐநோடு எண்ணே குப்பையாக வரும். பதிவிலேயே எழுதியிருக்கும் நீளத்தை எடுத்துத் தாவுங்கள், அவ்வளவுதான்.

வகையில் 4 ஃபோல்டர், 8 சாதாரணக் கோப்பு. சில ஃபைல்சிஸ்டம் 0 என்று கைவிரித்துவிடும். அப்போது மட்டும், கோப்பின் விவரம் கேட்கும் ஸ்டாட் (stat) போடுங்கள். ஒற்றைப் புள்ளி (இதே ஃபோல்டர்), இரட்டைப் புள்ளி (மேல் ஃபோல்டர்) பெயர்களையும் தாண்டிவிடுங்கள்.