லாகூர் ஃப்ரீமேசன்கள்: கிப்ளிங்கை நம்பித் தேதி போடாதீர்கள்

இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாபின் தலைநகரான லாகூரில் ஃப்ரீமேசன்கள் (மூடிய கதவுக்குள் கூடிச் சடங்கு செய்யும் சகோதரச் சங்கத்தார்) இருந்த கதையை எழுத வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் கையை. வழுக்குவதும் அங்கேதான். தாம் 1885இல் சேர்ந்ததாக அவர் தன்வரலாற்றில் எழுதினார். ஆனால் பதிவேட்டில் இருப்பது 1886 ஏப்ரல் 5. அன்று அவருக்கு வயது 20. விதிப்படி 21 நிரம்பியிருக்க வேண்டும். சிறப்பு அனுமதி பெற்றுத்தான் சேர்த்துக்கொண்டார்கள். 'சில ஆண்டுகள்' செயலாளராக இருந்ததாகவும் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். 1887 இறுதியிலேயே அலகாபாத்துக்குப் போய்விட்டவர் அவர். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினாலும் இரண்டு ஆண்டு தேறாது.

அடுத்த வழுக்கல், 'லாட்ஜ்' என்ற சொல். நமக்கு லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாடகைக்குக் கிடைக்கும் அறை. அவர்களுக்கோ அது உறுப்பினர்கள் சேர்ந்த சபை. ஒரே மண்டபத்தில் பல லாட்ஜுகள் முறைவைத்துக் கூடும். இது பிடிபடாதவர்கள் மால் ரோடு கட்டடத்தைக் காட்டி, கிப்ளிங் அமர்ந்த இடம் என்கிறார்கள். அது 1914இல் எழுந்தது. அவர் 1889இலேயே இந்தியாவைவிட்டுக் கிளம்பிவிட்டார். 'ஹோப் அண்ட் பெர்செவரன்ஸ்' என்ற அவருடைய 782ஆம் எண் லாட்ஜ் கூடியது அதற்கு முந்தைய மண்டபத்தில்.

மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறதோ என்று ஊரார் மண்டபத்துக்கு வைத்த பெயர் 'ஜாதூ கர்', மாய வீடு. கல்கத்தாவில் அதே பெயர் அருங்காட்சியகத்தைக் குறிக்கும். லாகூரில் அருங்காட்சியகம் 'அஜாயிப் கர்'. கிப்ளிங்கின் தந்தை அதன் காப்பாளர். இரண்டையும் குழப்பினால் தந்தை வேலை பார்த்த இடமும் மகன் சடங்கு செய்த இடமும் ஒன்றாகிவிடும்!

சாதி, மதம் பாராத சமபந்தி என்று புகழ்வதும் மிகை. எல்லா மதத்தாரும் சேர்ந்து உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் யாருடைய சாதியாவது கெட்டுவிடும் என்று அங்கே விருந்தே வைக்கவில்லை, சேர்ந்து புகைத்ததோடு சரி என்று கிப்ளிங்கின் கவிதையே சொல்கிறது. இந்தியர்களுக்கு முதலில் கதவு திறந்ததும் லாகூரில் அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1770களில், ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளியில் சேர்ந்துவிட்டார்.

கடைசியாக, பாகிஸ்தானில் ஃப்ரீமேசன்களுக்கு விழுந்த 1972 தடை. 'பிரதமர் பூட்டோ தடை செய்தார்' என்று எழுதாதீர்கள்; அந்த ஆண்டில் அவர் அதிபர், பிரதமரானது 1973இல். கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. மால் ரோடு 'ஜாதூ கர்' பிறகு பஞ்சாப் முதலமைச்சரின் அலுவலகமானது.