வீட்டு சாதன மெக்கானிக் ஆக: எங்கே படிப்பது, எதை முதலில் பழகுவது

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி வேலைக்கு வரும் இளைஞர்களில் பலர் ஏசியில்தான் தொடங்குகிறார்கள். கோடையில் பணம் புரள்வது அங்கே என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் அளந்து பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வருவதற்கு முன்பே கேஸ் (குளிரூட்டும் வாயு) போடக் கற்றுக்கொண்டவர், எந்தப் பழுதுக்கும் கேஸ் போடவே பார்ப்பார். இந்தத் தொழிலில் நிலைப்பவர் மீட்டரை நம்பி வேலை செய்பவர். அதனால் இங்கே சொல்லும் வரிசை அயர்ன் பாக்ஸில் தொடங்கி ஏசியில் முடிகிறது.

படிப்பு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு நேரான வழி ஐடிஐ. ஃபிரிட்ஜும் ஏசியும்தான் குறி என்றால் குளிர்பதன, ஏசி டெக்னீஷியன் பிரிவில் சேருங்கள். வாஷிங் மெஷின், மிக்ஸி, கீசர் போதும் என்றால் எலக்ட்ரீஷியன் பிரிவே நல்ல அடித்தளம். இரண்டும் இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தனியார் ஐடிஐ என்றால் பணம் கட்டுவதற்கு முன் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள். நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப், அழுத்தம் அளக்கும் கேஜ் செட் இருக்கின்றனவா, மாணவர்களே குழாயைப் பற்றவைக்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பார்த்து மட்டும் பிரேசிங் வராது.

சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் ஐடிஐ பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. ஐடிஐயில் சேராமல் கடையில் வேலை பழகுபவருக்கும் அவை உதவும். படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் அந்தப் பயிற்சிக்கு உதவித்தொகையும் தேசியச் சான்றிதழும் உண்டு. ஒரு சர்வீஸ் சென்டரில் தினமும் பல வீடுகளுக்குப் போய்வரும் அனுபவம் வகுப்பறையில் கிடைக்காது.

முதல் மாதம்: மீட்டரும் சீரிஸ் போர்டும்

பழைய இரும்புக் கடையில் ஓடாத அயர்ன் பாக்ஸ், கீசர் எலிமென்ட், மிக்ஸி ஆகியவற்றை எடை போட்டு வாங்குங்கள். முதலில் ஒரு கணக்கு. 230-ஐ 230-ஆல் பெருக்கி, வாட்ஸால் வகுத்தால் எலிமென்ட் காட்ட வேண்டிய ஓம் கிடைக்கும். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸுக்குச் சுமார் 53 ஓம், 2000 வாட்ஸ் கீசருக்குச் சுமார் 26 ஓம், 3000 வாட்ஸுக்கு 17 அல்லது 18. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் எலிமென்ட் அறுந்திருக்கிறது.

அடுத்து எலிமென்ட் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே அளக்க வேண்டும். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதன் பேட்டரி தருவது சில வோல்ட்தான். அந்த அழுத்தத்தில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் ஆளை அடிக்கும். இன்சுலேஷனை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்து, குறைந்தது 1 மெகா ஓம் வந்தால்தான் சாதனத்தைத் திருப்பித் தர வேண்டும். கீசர் போட்டதும் வீட்டில் ஆர்சிசிபி (கசிவு கரண்ட் வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால், பெரும்பாலும் எலிமென்ட் உறை வெடித்து நீர் உள்ளே போயிருக்கும்.

சீரிஸ் போர்டை நீங்களே செய்துகொள்ளுங்கள். ஒரு சுவிட்ச், ஒரு பிளக் பாயின்ட், பேஸ் லைனில் தொடராக 100 வாட்ஸ் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. சாதனம் ஷார்ட் என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அதற்குமேல் கரண்ட் போகாது. இண்டக்‌ஷன் அடுப்பில் ஐஜிபிடி (காயிலுக்குக் கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்கும் பவர் டிரான்சிஸ்டர்) போனால் பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் டிரைவர் பகுதியையும் பார்க்காமல் புது ஐஜிபிடி போட்டு நேரே கரண்ட் கொடுப்பவர்கள் உண்டு. அடுத்த நொடியே அதுவும் வெடிக்கும். சீரிஸ் போர்டு இருந்தால் பல்பு மட்டும் எரியும், பார்ட் பிழைக்கும்.

கெபாசிட்டரைத் தொடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் உரசித் தீப்பொறி பறக்க விடுவது முனையைக் கருக்கும், கெபாசிட்டரையும் கெடுக்கும். 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் செய்த பிடியோடு வைத்துக்கொண்டால் போதும்.

மிக்ஸி, வாஷிங் மெஷின்

மிக்ஸியின் சிவப்புப் பட்டன் அடிக்கடி விழுகிறது என்று கொண்டுவந்தால் மோட்டாரைக் கழற்றாதீர்கள். முதலில் ஜாரை எடுத்து பிளேடைக் கையால் சுற்றுங்கள். புஷ் இறுகியிருந்தால் குற்றம் ஜாரில்தான். ஜார் உட்காரும் கப்ளரைக் கழற்றும்போது புதியவர்கள் எதிர்த்திசையில் முறுக்கி மரையை உடைக்கிறார்கள். மோட்டார் ஓடும்போது லோடு தானாக இறுக்கும்படிதான் மரை வெட்டியிருக்கும். ஆகவே கீழே ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சுற்றும் திசையிலேயே கப்ளரைத் திருப்பினால் கழலும். கார்பன் பிரஷ் அருகில் சிறு பொறி இருப்பது சாதாரணம். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் பெரும்பாலும் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போயிருக்கும். பிரஷ் மாற்றி அதைக் காப்பாற்ற முடியாது.

செமி ஆட்டோமேட்டிக் வாஷ் மோட்டாரில் மூன்று ஒயர். இருபுறமும் சுற்ற வேண்டிய மோட்டார் என்பதால், பொது ஒயரான காமனிலிருந்து மற்ற இரண்டு ஒயருக்கும் ஓம் ஒரே அளவு காட்டும். ஒன்று மட்டும் மாறினால் வைண்டிங் பழுது. ஓம் சரியாக இருந்தும் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றால் கெபாசிட்டரை அளங்கள். மேலே 10 என்று அச்சிட்டது 7 காட்டினால் வெறும் டப்பில் சுற்றும், துணி போட்டால் நிற்கும். ஸ்பின் ஓடாததற்கு மூடி சுவிட்சும் பிரேக் ஒயரும் காரணமாக இருப்பது மிக அதிகம். ஸ்பின் மோட்டார் உண்மையிலேயே எரிந்திருந்தால், மேலே உள்ள சீலில் நீர் ஒழுகுகிறதா என்று பார்த்தாக வேண்டும். சீலை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புது மோட்டாரும் நனைந்து எரியும். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் டிரெயின் எரர் வந்தால் போர்டுக்குப் போகும் முன் பம்ப் ஃபில்டரைத் திறங்கள். காசும் ஹேர்பின்னும் அங்கேதான் கிடக்கும்.

ஃபிரிட்ஜ்: கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல

கம்ப்ரசரின் மூன்று பின்கள் காமன், ரன், ஸ்டார்ட். மூன்று ஜோடியையும் அளந்து எழுதுங்கள். மிகப் பெரிய அளவு ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே வரும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக அது இருக்கும். உதாரணமாக 12, 20, 32. அப்போது 12 ஓம் காட்டுவது காமனுக்கும் ரன்னுக்கும் நடுவே. 20 காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும். கணக்கு ஒத்துப்போய், பாடிக்குக் கசிவும் இல்லை என்றால் வைண்டிங் நல்லது. கம்ப்ரசர் உறுமி, சில நொடியில் காப்பு சுவிட்சான ஓவர்லோடு டிக் என்று விழுந்தால், கம்ப்ரசரைத் தொடங்கவைக்கும் பிடிசி ரிலேவைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே கலகலத்தால் உடைந்துவிட்டது. ரிலே மாற்றி முடியும் வேலைக்குக் கம்ப்ரசர் மாற்றச் சொல்வது கஸ்டமருக்குச் செய்யும் அநியாயம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் குளிர்கிறது, கீழே குளிரவில்லை என்றால் கேஜைத் தொடவே வேண்டாம். ஃப்ரீசருக்குள் உள்ள பின்பலகையைத் திறந்தால் பெரும்பாலும் காயில் முழுக்கப் பனி மூடியிருக்கும். டிஃப்ராஸ்ட் ஹீட்டர், பைமெட்டல், டைமர் அல்லது சென்சார், ஃபேன் ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் பழுது.

கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கேஸ். நைட்ரஜன் இல்லையென்று ஆக்சிஜன் ஏற்றினால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். ஒருபோதும் வேண்டாம். குழாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போட்டு, வேக்கத்தை 500 மைக்ரானுக்கு (வேக்கத்தை அளக்கும் அலகு) கீழே இறக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் மெல்லிய கேப்பிலரி குழாயின் முனையில் பனியாக உறைந்து அடைக்கும். சில நாளில் கஸ்டமர் திரும்ப அழைப்பார்.

இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற கேஸ். அது எரியும் வாயு. ஆர்-134ஏ என்ற கேஸ் போடும் அளவில் பாதிக்கும் குறைவாகவே போட வேண்டும். லோ சைடு (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம்) பெரும்பாலும் காற்றழுத்தத்துக்குக் கீழே ஓடுவதால், அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் கேஸ் வெளியேறுவதோடு காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். கேஜைப் பார்த்துப் போடுவது இதில் செல்லாது. நேம் பிளேட்டில் உள்ள கிராமைத் தராசில் எடை போட்டே ஏற்றுங்கள். கேஸ் இருக்கும் குழாயருகே பிரேசிங் டார்ச்சைப் பற்றவைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாக ஏசி, மைக்ரோவேவ்

இவ்வளவும் கைவந்தவருக்கு ஏசி புதிராக இருக்காது. ஓடும்போது ஆர்-22 கேஸ் உள்ள ஏசியின் லோ சைடில் 60 முதல் 70 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். ஆர்-32 அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. அவுட்டோர் ஓடாவிட்டால் கெபாசிட்டரை முதலில் அளங்கள். பம்ப் டவுன் (கேஸை அவுட்டோருக்குள் சேர்த்து அடைப்பது) செய்யும்போது குழாய் கழன்றோ லீக்காகியோ இருந்தால் கம்ப்ரசர் காற்றை இழுத்து வெடிக்கக்கூடும். அந்த நிலையில் உடனே நிறுத்துங்கள். மாடிச் சுவரில் தொங்கும் அவுட்டோரைக் கழற்ற சேஃப்டி பெல்ட்டும் துணைக்கு இன்னொரு ஆளும் இல்லாமல் ஏறாதீர்கள்.

மைக்ரோவேவ் அவனை அனுபவமுள்ளவர் அருகில் இருக்கும்போது மட்டும் திறக்கவும். பிளக்கை உருவிய பிறகும் அதன் ஹை வோல்ட்டேஜ் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும் சார்ஜை வைத்திருக்கலாம்.

எந்தச் சாதனமானாலும் வேலை முடிந்ததும் பாடிக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், மெக்கர் வையுங்கள், ஓடவிட்டு கிளாம்ப் மீட்டரில் ஆம்ப்ஸ் எடுங்கள். அந்த அளவுகளையும் தேதியையும் மாற்றிய பார்ட்டின் பெயரையும் பில்லில் எழுதி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே மெஷின் நின்றால், அன்று எவ்வளவு ஆம்ப்ஸ் எடுத்தது என்பதிலிருந்தே தேடலைத் தொடங்கலாம்.