இரவு, மூட்டம், சின்ன விமானம்: காது சொல்லும் பொய்

1999 ஜூலை 16. அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் மகன் நியூஜெர்சியிலிருந்து தன் பைப்பர் சரடோகா விமானத்தைக் கிளப்பியபோது இரவு மணி 8:38. மாலை வெளிச்சத்திலேயே போகும் திட்டம் தள்ளிப்போயிருந்தது. புயல் இல்லை, மழை இல்லை, மூட்டம் மட்டும்தான். ஒரு மணி நேரம் கழித்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே விமானம் கடலில் விழுந்தது. அவரும், மனைவியும், மனைவியின் அக்காவும் இறந்தார்கள்.

'மழைதான் இல்லையே, போகலாம்' என்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கண்ணால் பார்த்து ஓட்டுகிறவருக்கு அடிவானம் தெரிய வேண்டும். கென்னடியின் மகனோ கரையோர விளக்குகளை விட்டுவிட்டுக் கடலுக்கு மேல் குறுக்கே போனார். அங்கே வானமும் தண்ணீரும் ஒரே கறுப்பு.

அடிவானம் மறைந்ததும் நாம் காதை நம்ப ஆரம்பிக்கிறோம். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். நின்ற பிறகும் தெருவே சுற்றும், இல்லையா? உட்காதில் உள்ள திரவம் செய்யும் வேலை அது. விமானத்தில் இதே திரவம் வேறு மாதிரி ஏமாற்றும். மெதுவாக, தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் நேராகப் போவதாகவே தோன்றும். இறக்கை சாய்ந்திருப்பது தெரியாது, உயரம் குறைவது மட்டும் தெரியும். உடனே கைப்பிடியைப் பின்னால் இழுப்பார்கள். இறக்கையை நேராக்காமல் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம், சாய்வையும் உயரத்தையும் காட்டும் கருவியைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை வைத்துச் சோதித்தது. சராசரியாக 178 நொடியில் கட்டுப்பாடு போய்விட்டது.

சரி, கருவியை நம்பினால் போதுமா? பழக்கம் இல்லாமல் அது நடக்காது. மகன் கென்னடிக்கு அந்தப் பயிற்சி பாதியில்தான் இருந்தது. கூட வருகிறேன் என்ற பயிற்றுநரிடம் தனியாகவே போவதாகச் சொல்லிவிட்டார். தப்பும் வழி அந்த நிமிடமே கையில் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பழகாத கருவி இன்னும் மோசம். 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய நேரம், அயோவாவில் பனி. பாடகர் பட்டி ஹாலியை ஏற்றிச் சென்ற வாடகை விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் வயலில் விழுந்தது. விமானிக்குக் கருவியைப் பார்த்து ஓட்டுவதற்கான சான்று இல்லை. மோசமான வானிலை பற்றிய எச்சரிக்கைகளும் அவரிடம் சொல்லப்படவில்லை. போதாததற்கு, விமானத்தின் மூக்கு மேலேயா கீழேயா என்று காட்டும் கருவி, அவர் பழகியதற்கு நேர் தலைகீழாகக் காட்டும் வகை.