இடப்பக்க ஸ்டியரிங் லேண்ட் ரோவரை வலப்பக்கத்துக்கு மாற்றும் முறை

வண்டிகள் இடப்பக்கமாக ஓடும் நம் இலங்கையில், ஹபரணை வீதியில் கந்தளாய்க்குக் கிட்ட ஒரு மணல் லொறியை முந்த வேண்டும் என்று வையுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால், வண்டியின் பாதி எதிர்த் தடத்துக்குள் போன பிறகுதான் முன்னால் என்ன வருகிறது என்று சாரதிக்குத் தெரியும். ஆகவே இந்த மாற்றம் அழகுக்காகச் செய்வதல்ல. அதை ஒழுங்காகச் செய்ய முடியும், ஆனால் பல கராஜ்களில் ஸ்டியரிங் தண்டை வெட்டி ஒட்டி அரைநாளில் முடித்துக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்த வண்டியில் ஏற வேண்டாம்.

இங்கே சொல்வது சீரிஸ் 2ஏ (1961–71), சீரிஸ் 3 (1971–85) லேண்ட் ரோவர்களுக்கு. 1947இல் செய்த முதல் மாதிரி வண்டியில் ஸ்டியரிங் நடுவிலேயே இருந்தது. 1948இல் விற்பனைக்கு வந்தபோது அதைக் கைவிட்டார்கள், என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வண்டியை அமைக்கும் எண்ணம் கடைசிவரை இருந்தது. பெடல் பூட்டும் இடம் பல்க்ஹெட்டில், அதாவது எஞ்சினுக்கும் காலடிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில், இரு பக்கமும் உண்டு. பாவிக்காத பக்கத்தை ஒரு மூடித் தகடு மறைத்திருக்கும். முன் குறுக்குச் சட்டத்திலும் ஸ்டியரிங் ரிலேக்கு, அதாவது ஸ்டியரிங்கின் அசைவை வாங்கிச் சில்லுப் பக்கம் கடத்தும் தண்டுள்ள உருளைக்கு, இரு பக்கமும் இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்பனரால் கழற்றிப் பூட்டியே முடிக்கக்கூடிய வேலை இது. ஸ்டியரிங் பாகம் எதிலும் வெல்டிங் படவே கூடாது. டிரொப் ஆர்ம் (ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து வரும் கை), ரிலே ஆர்ம், ரொட் எதையும் சூடாக்கி வளைக்கவும் கூடாது. சூடு பட்ட இரும்பின் பதம் மாறிவிடும். வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்து, குழியில் விழும்போது முறியும்.

கையில் எடுக்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் மாற்றத்துக்கான அனுமதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள்.

சாமான்கள்

தனித்தனியாகத் தேடி அலைவதைவிட, உடைத்துப் போட்ட வலப்பக்க வண்டி ஒன்றின் முன்பகுதியை முழுதாக வாங்குவது நல்லது. அதிலிருந்து எடுக்க வேண்டியவை: ஸ்டியரிங் பொக்ஸ் தண்டோடு, டிரொப் ஆர்ம், ரிலே ஆர்ம்கள், முன் சில்லு நக்கிளில் (சில்லைத் திருப்பும் மூட்டில்) பூட்டும் ஆர்ம்கள், நீளவாட்டு ரொட் (பொக்ஸிலிருந்து ரிலேக்குப் போவது), டிராக் லிங்க் (ரிலேயிலிருந்து சில்லுக்குப் போவது), பெடல் பெட்டிகள், அக்ஸிலேட்டர் தண்டும் இணைப்புகளும், ஹான்ட்பிரேக் நெம்பும் அதன் கம்பிகளும், ஸ்பீடோ கேபிள். சீரிஸ் 3 என்றால் டாஷ்போர்டும் வயர் கட்டும் சேர்த்து. சீரிஸ் 2ஏயில் மீற்றர்கள் நடுவில் இருப்பதால் அந்தச் செலவு இல்லை.

புதிதாக வாங்க வேண்டியவை: போல் ஜொயின்ட் (ரொட் முனைகளில் பூட்டும் உருண்டை மூட்டு) 6 (சில்லுகளை இணைக்கும் ரொட்டும் சேர்த்து மூன்று ரொட்களுக்கு, ஒவ்வொரு ரொட்டின் ஒரு முனைக்கு வலப்புரி, மறு முனைக்கு இடப்புரி), 3/16 அங்குலக் குப்ரோ-நிக்கல் பிரேக் குழாய் 25 அடிச் சுருள் ஒன்று, டொட் 4 பிரேக் ஒயில் 1 லீற்றர், இபி 90 கியர் ஒயில் 1 லீற்றர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் செட். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் செப்புக் குழாயைப் பிரேக்குக்குப் போட வேண்டாம். அதிர்விலும் அழுத்தத்திலும் அது வெடித்துவிடும்.

பழைய இடப்பக்க ஸ்டியரிங் பொக்ஸையே வலப்பக்கம் பூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் திருகுத் தண்டு பக்கத்துக்குப் பக்கம் வேறு. மாற்றிப் பூட்டினால் வலப்பக்கம் திருப்ப, சில்லு இடப்பக்கம் திரும்பும்.

ரிலே: பாதி வேலை இதுதான்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மணலில் படகு இழுத்த வண்டி என்றால் ரிலே கறள் பிடித்துக் குறுக்குச் சட்டத்தோடு ஒன்றாகியிருக்கும். வாடைக் காலத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே இறங்கி, சேறாகத் தங்கிவிடுகிறது. முதலில் பற்றரியைக் கழற்றி, முன் கிறிலையும் தேவைப்பட்டால் ரேடியேட்டர் சட்டத்தையும் எடுங்கள். ரிலேயின் மேல், கீழ் ஆர்ம்களின் இறுக்கும் போல்டுகளை முழுதாகக் கழற்றிய பின்பே ஆர்ம்களை இழுக்க வேண்டும். போல்டு தண்டின் காடியில் உட்கார்ந்திருப்பதால், தளர்த்தினால் மட்டும் ஆர்ம் வராது.

கறள் இளக்கும் ஒயிலை மேலும் கீழும் ஊற்றி, இரண்டு மூன்று நாள் காலை மாலை திரும்ப ஊற்றி விடுங்கள். பிறகு போத்தல் ஜக்கைக் கீழே வைத்து, ரிலேயின் உடம்பில் மட்டும் முட்டும்படி தடித்த குழாய்த் துண்டு ஒன்றை இடையில் கொடுத்து ஏற்றுங்கள். வண்டியின் முன்பாரம் ஜக்கில் ஏறியதும் குறுக்குச் சட்டத்தின் பக்கங்களைக் கனமான சுத்தியலால் தட்டுங்கள். தட்டுவது சட்டத்தைத்தான், ரிலேயின் தண்டை அல்ல. வண்டிக்குக் கீழே ஸ்டாண்ட் இருக்க வேண்டும், ஜக்கை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. ரிலேக்கு நேராகக் கேஸ் நெருப்புப் பிடிக்காதீர்கள். உள்ளே ஒயிலும் அமுங்கிய ஸ்பிரிங்கும் இருக்கின்றன.

அந்த ஸ்பிரிங் ஆபத்தானது. ரிலேயைத் திறக்கும்போது அது துள்ளிப் பாய்ந்தால் முகத்தையும் கையையும் உடைக்கும். தண்டு இலகுவாகவும் இல்லாமல் இறுகியும் போகாமல் திரும்புகிறது, ஒயில் ஒழுகவில்லை என்றால் திறக்கவே வேண்டாம். இபி 90 நிரப்பி அப்படியே பாவியுங்கள். திறந்துதான் ஆக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் கருவி உள்ள கராஜிடம் கொடுங்கள்.

மறு பக்கத்துத் துளை இத்தனை வருடமும் திறந்தே கிடந்தது என்பதை மறக்க வேண்டாம். கம்பித் தூரிகையால் சுத்தமான இரும்பு தெரியும்வரை தேய்த்து, சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் சுற்றித் தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வரும் இடத்தில் தகடு உக்கிவிட்டது. அப்படியானால் ரிலேயைப் பூட்டாமல், முதலில் குறுக்குச் சட்டத்தையே மாற்ற வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் துளைக்கும் ரிலேக்கும் கிறீஸ் தாராளமாகப் பூசி இறக்குங்கள். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

பூட்டுதல்

பொக்ஸை அதன் தாங்கியோடு வலப்பக்கம் வைத்து எல்லாப் போல்டுகளையும் கையால் ஏற்றுங்கள். தண்டு எங்கும் இழுபடாமல் நேராக நின்ற பிறகு இறுக்குங்கள். வலிந்து இழுத்து இறுக்கினால் மேல் பெயரிங் சீக்கிரம் போகும். ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். ரிலேயையும் அதன் நடு நிலையில் வைத்து, சில்லுகளை நேராக்கி, அதன் பின்பே ரொட்களின் நீளத்தைச் சரிப்படுத்திப் பூட்டுங்கள். நடுவை விட்டு ரொட் நீளத்தால் சமாளித்தால், ஒரு பக்கம் வண்டி நன்றாகத் திரும்பும், மறு பக்கம் திரும்பாது.

முன் ஸ்பிரிங்குகளில் சாரதிப் பக்கம், பயணிப் பக்கம் என்று வேறுபாடு உண்டு. சாரதிப் பக்க ஸ்பிரிங் கொஞ்சம் உயரம். அவற்றையும் இடம் மாற்றாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும்.

பெடல் பெட்டி இலகு: மூடித் தகட்டைக் கழற்றி, புது கஸ்கட் வைத்துப் பூட்டி, தகட்டை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். பிரேக், கிளச் குழாய்களைப் பழையதோடு இணைப்புத் துண்டு போட்டு நீட்டாமல் புதிதாக அளந்து வளைத்து இழுங்கள். சைலன்சர்க் குழாயிலிருந்தும் ஸ்டியரிங் ரொட்டிலிருந்தும் விலகி ஓட வேண்டும். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும் ஒழுங்கும் இப்போது மாறும். மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் வந்துவிட்டதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று போங்கள்.

ஹெட்லைற்றை மாற்றாமல் விடுபவர்கள் அதிகம். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியின் 7 அங்குல லைற், டிம் போட்டாலும் வலப்பக்கம் உயர்த்தி அடிக்கும். இங்கே அது எதிரே வருபவரின் கண்ணில்தான் படும். இடப்பக்க ஓட்டத்துக்கான கண்ணாடி உள்ள லைற் இரண்டு போடுங்கள்.

ஓட முன்

டோ-இன், அதாவது முன் சில்லுகளின் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு, 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர். அக்சில் உயரத்தில் ரிம்மின் முன் விளிம்புகளுக்கு இடையே அளந்து, பின் விளிம்புகளுக்கு இடையேயும் அளந்தால், முன் அளவு அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இரு முனைக்கும் சுற்ற, இன்னொருவர் கீழே பிரேக் ஹோஸ், டயர், ஸ்பிரிங் எதுவும் உரசுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு முன்பக்கத்தை ஜக்கால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஸ்டியரிங் தானாகப் பெரிதாகத் திரும்பினால் ரொட் ஒன்று பிழையான ஆர்மில் இருக்கிறது. அந்த நிலையில் குழியில் ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டி பக்கத்துக்குப் பாயும். பிரேக் பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

முதல் ஓட்டம் ஆளில்லாத வெளியில், மெதுவாக. 100 கிலோமீற்றர் ஓடியதும் பொக்ஸ், டிரொப் ஆர்ம், ரிலே, போல் ஜொயின்ட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, நட்டு கழறாமல் பிடிக்கும் ஸ்பிலிட் பின்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடற்கரை மணலில் இறங்கினால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவி, ரிலே நிற்கும் இடத்தின் மேற்பக்கத்தில் கிறீஸ் பூசி விடுங்கள்.