வான்கோவின் ‘விதைப்பவன்’ பார்த்து ஒரு வயல் வரைவோம்

1888 ஜூனில், தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் வான்கோ வரைந்த ‘விதைப்பவன்’ ஓவியத்தை முதலில் நன்றாகப் பாருங்கள். விதைப்பவனின் நடையை, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் 1850-ஆம் ஆண்டு ஓவியத்திலிருந்து எடுத்துக்கொண்டார். நிறங்கள் வான்கோவுடையவை: மேலே மஞ்சள் வானம், கீழே ஊதா மண். பின்னால் கோதுமை முற்றி நிற்கிறது, முன்னால் ஒருவன் விதைக்கிறான். நிஜ வயலில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. உழைப்பின் தொடக்கத்தையும் பலனையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு இந்த ஓவியம் இவ்வளவு பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, வேலையைத் தொடங்கலாம். 12×16 அங்குல கேன்வாஸ் போர்டு, அக்ரிலிக் வண்ணம், முரட்டு மயிர் கொண்ட 8-ஆம் எண் தட்டை பிரஷ் போதும். வண்ணத்தில் தண்ணீர் கலக்காதீர்கள். வெண்ணெய்ப் பதத்தில் இருக்கட்டும்.

மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் அடிவானக் கோடு போடுங்கள். நடுவில், கோட்டை ஒட்டி, சூரியன். அதிலிருந்து வெளிப்புறமாகச் சிறு சிறு தீற்றல்களாக மஞ்சளை வையுங்கள். கோட்டை ஒட்டி, கோதுமைக்கு நெட்டுத் தீற்றல்கள். அப்புறம் வானம் காயட்டும். ஈர மஞ்சளில் ஊதா பட்டால் இரண்டும் சேர்ந்து சேறு நிறமாகிவிடும்.

இனி நிலம். நேரம் முழுவதும் இங்கேதான் செலவாக வேண்டும். பிரஷை ஊதாவில் தோய்த்து, ஒரு விரல் நீளத்துக்குச் சாய்வாக இழுத்து, சட்டென்று எடுங்கள். தீற்றலின் ஓரத்தில் வண்ணம் வரப்புபோல எழும்பி நிற்கும். அதுதான் மண்கட்டி. தடவிச் சமப்படுத்தாதீர்கள். அடுத்த தீற்றல் வேறு சாய்வில், கொஞ்சம் நீலத்தோடு. இடையிடையே ஆரஞ்சு. அருகில் உள்ள மண்ணுக்கு நீளமான தீற்றல், அடிவானம் நெருங்க நெருங்கக் குட்டையான தீற்றல். தூரம் தானாக வந்துவிடும். பத்துத் தீற்றலுக்கு ஒருமுறை எழுந்து தள்ளி நின்று பாருங்கள்.

கடைசியில் மனிதன், நடுவிலிருந்து சற்று வலப்புறம். கண், மூக்கு எதுவும் வேண்டாம். முன்வைத்த கால், வீசிய கை, சாய்ந்த உடல், மொத்தம் ஏழெட்டுத் தீற்றல்தான். அவன் நிலத்தின் மேல் ஒட்டவைத்தமாதிரி தெரிந்தால், பாதத்தின் மேல் இரண்டு ஊதாத் தீற்றல் போடுங்கள். கால் மண்ணில் புதைந்துவிடும்.